சாக்கோட்டை சிட்டாள் கூறியதாவது

இருபத்தேழு வருடம் டெல்லியில் உட்கார்ந்து தேசிய அரசியல் எழுதிய சேவுகப்பெருமாளுக்கு, இந்த நாட்டில் நேரில் தெரிந்த வாக்காளர் ஒரே ஒருத்திதான். அவளும் கூடப்பிறந்த அக்கா. அவளிடமும் அவர் ஒரு தடவைகூட வாயைத் திறந்து எதையும் கேட்டது கிடையாது.

இதை யாராவது முகத்துக்கு நேராகச் சொன்னால் மனிதர் பொரிந்து தள்ளிவிடுவார். "எத்தனை அமைச்சரவையைப் பாத்தவன் நான், தெரியுமா?" என்று ஆரம்பிப்பார். பார்த்தது உண்மைதான். நாடாளுமன்றத்தில் நிருபர்கள் உட்காரும் மாடத்தின் மூன்றாவது வரிசையில், தூணை ஒட்டிய நாற்காலியிலிருந்து பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் தலைவர்களின் உச்சந்தலை மட்டும்தான் தெரியும். யாருக்கு வழுக்கை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவரைப்போல் துல்லியமாகச் சொல்ல ஆள் கிடையாது.

சாக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் அவருக்கு. காரைக்குடியில் பொருளாதாரம் படித்தார். ஒரு தமிழ் நாளிதழில் நிருபராகச் சேர்ந்து, மஞ்சுவிரட்டில் மாடு முட்டியவர்கள் பட்டியலும் பேருந்து கவிழ்ந்த செய்தியும் எழுதிக்கொண்டிருந்தார். 1999இல் அந்தப் பத்திரிகைக்காக டெல்லியில் ஏற்கெனவே இருந்த நிருபர் ஒருவர் வேலையை விட்டுவிட்டு ஓடிப்போனார். குளிருக்குப் பயந்து வேறு யாரும் அங்கே போக முன்வரவில்லை. சேவுகப்பெருமாள் இந்தியில் இரண்டு பரீட்சை எழுதிப் பாஸாகியிருந்தார். தேசிய அரசியலுக்கு அவர் வந்து சேர்ந்த தகுதி அவ்வளவுதான்.

அவரை வழியனுப்பக் காரைக்குடி ரயில் நிலையத்துக்கு அக்கா சிட்டாள் வந்திருந்தாள். தூக்குவாளியில் புளிச்சோறு, கையில் ஒரு புதுக் கம்பளி. கம்பளிக்காக ஒரு ஆட்டை விற்றிருந்தாள் என்பது அவருக்குப் பின்னால் தெரிந்தது. தெரிந்தும் அதைப் பற்றி அவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

டெல்லிக்குப் போன இரண்டே வருடத்தில் மனிதருக்குக் குரல் மாறிவிட்டது. ஊரிலிருந்து யாராவது போன் செய்தால், மிகப் பெரிய காரியத்தின் நடுவில் பிடித்து இழுத்துவிட்டதைப் போல "சொல்லுங்க" என்பார். அந்தப் பெரிய காரியம் பெரும்பாலும் நாடாளுமன்றக் கேன்டீனில் மலிவு விலைக் கட்லெட் சாப்பிடுவதாக இருக்கும்.

அவருடைய செய்திகளில் 'தகவல் அறிந்த வட்டாரங்கள்' என்று ஒரு கூட்டம் ஓயாமல் பேசிக்கொண்டே இருக்கும். அந்த வட்டாரத்தில் ஒருவர், ஓர் எம்.பி.யின் கார் டிரைவர். இன்னொருவர், அமைச்சக வாசலில் நுழைவுச்சீட்டு எழுதிக்கொடுப்பவர். மிச்சம் பேர் எல்லாம் மற்றப் பத்திரிகைக்காரர்கள். டீக்கடையில் ஒரு தெலுங்கு நிருபரிடம் இவர், "அமைச்சரவை மாறும்போலத் தெரியுதே" என்று கொளுத்திப் போடுவார். அந்த ஆள் அதை எழுதுவார். மறுநாள் இவர், 'அமைச்சரவை மாற்றம் குறித்து ஆந்திரப் பத்திரிகைகளில் பரபரப்புத் தகவல்' என்று எழுதுவார். தான் விட்ட புரளியைத் தானே மேற்கோள் காட்டிப் பிழைக்கும் பிழைப்புக்கு அவர் வைத்திருந்த பெயர் அரசியல் நோக்கு.

2004 தேர்தல் சமயத்தில் சென்னை அலுவலகம் ஓர் உத்தரவு போட்டது. இனிமேல் தேர்தல் கட்டுரை எதுவாக இருந்தாலும் அதில் ஒரு சாமானியரின் குரல் இருக்க வேண்டும். சும்மா 'ஒரு முதியவர்', 'ஒரு பெண்' என்றெல்லாம் எழுதினால் போடமாட்டார்கள். பேர், வயசு, ஊர் மூன்றும் வேண்டும்.

வெளியே டெல்லி வெயில் மண்டையைப் பிளந்தது. அதில் இறங்கிப் போய்ச் சாமானியரைத் தேட சேவுகப்பெருமாளுக்கு இஷ்டமில்லை. ஏர்கூலருக்கு முன்னால் உட்கார்ந்து யோசித்தார். சாமானியர் என்று நினைத்த மாத்திரத்தில் அக்கா முகம்தான் வந்து நின்றது. உடனே எழுதினார்: 'சிவகங்கை மாவட்டம் சாக்கோட்டையைச் சேர்ந்த விவசாயக் கூலித் தொழிலாளி சிட்டாள் (42) கூறியதாவது: டெல்லியில் யார் உட்கார்ந்தாலும் எங்கள் அடுப்பு எரிய வேண்டும். இந்தமுறை மாற்றம் வந்தே தீரும்.'

ஆசிரியர் போனில் கூப்பிட்டுப் பாராட்டினார். மண்வாசனை வீசுகிறது என்றார். அன்றைக்குப் பிடித்தது சனியன். ஒவ்வொரு தேர்தலுக்கும் சிட்டாள் தவறாமல் பேசினாள். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அவள் வயதில் ஐந்து கூட்டுவதை மட்டும் சேவுகப்பெருமாள் மிகுந்த நேர்மையோடு செய்துவந்தார். 2009இல் அவளுக்கு நிலையான ஆட்சி தேவைப்பட்டது. 2014இல் திரும்பவும் மாற்றம் தேவைப்பட்டது. 2019இல் நாட்டின் எல்லைப் பாதுகாப்பு குறித்துக் கவலைப்பட்டாள். 2024இல் கூட்டாட்சித் தத்துவத்துக்கு ஆபத்து என்று எச்சரித்தாள். ஒரு தொலைக்காட்சி விவாதத்தில் கோட்டு போட்ட ஒருவர், "சாக்கோட்டை சிட்டாள் மாதிரியான எளிய மனிதர்களுக்கு இருக்கிற தெளிவு நமக்கு இல்லை" என்று நெஞ்சுருகப் பேசினார். டெல்லி வீட்டில் சோபாவில் சாய்ந்து அதைக் கேட்ட சேவுகப்பெருமாளுக்குப் புல்லரித்துவிட்டது. வெட்கமாக இருந்திருக்க வேண்டும். புல்லரித்தது.

இதெல்லாம் நடந்துகொண்டிருந்தபோது நிஜச் சிட்டாள் நாலு ஆட்டை ஓட்டிக்கொண்டு கண்மாய்க்கரைக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். புருஷன் தவறிவிட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில். நூறு நாள் வேலை இருந்தால் அதற்குப் போவாள். அவள் வீட்டுக்குப் பத்திரிகை வந்ததென்றால், சந்தையில் கருவாடு சுற்றிக் கொடுத்த தாளாகத்தான் வந்தது. ஆனால் தம்பி டெல்லியில் பெரிய இடத்தில் இருக்கிறான் என்பதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

அந்தப் பெருமைதான் அவளைக் கெடுத்தது. போன நவம்பரில் வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறார்கள் என்று ஊரில் வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்தார்கள். சிட்டாள் தம்பிக்குப் போன் போட்டாள்.

"தம்பி, ஓட்டு லிஸ்ட்ட புதுசா எடுக்குறாகளாம். அங்கன்வாடி டீச்சரு படிவம் குடுத்துட்டுப் போயிருக்காக. பழைய லிஸ்ட்டுல எம்பேரு எங்க இருக்குன்னு எழுதணுமாம். எனக்கென்னப்பா தெரியும்?"

சேவுகப்பெருமாள் வாயில் கட்லெட். "வச்சிரு அக்கா. நான் இங்கேயே பாத்துச் சொல்றேன். யாருகிட்டயும் குடுத்துறாத, தப்புத் தப்பா எழுதிருவானுக."

சொல்லிவிட்டு மறந்துபோனார். அன்று சாயங்காலம் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, 'படிவத்தின் முன் தவிக்கும் பாமரர்கள்'. தொள்ளாயிரம் சொற்கள். நடுப்பக்கத்தில் படத்தோடு வந்தது.

அங்கன்வாடி டீச்சர் மூன்று தடவை வந்து கேட்டார். தானே நிரப்பித் தருவதாகவும் சொன்னார். சிட்டாள் அசையவில்லை. "எந்தம்பி பார்லிமெண்டுலயே இருக்கான் டீச்சரு. அவன் பாத்துச் சொல்றேன்னுருக்கான்" என்று திருப்பித் திருப்பி அதையே சொன்னாள். கடைசி நாளும் போனது. ஊர் முழுக்கப் படிவத்தைக் கொடுத்தது. டெல்லியில் தம்பி இருப்பவள் மட்டும் கொடுக்கவில்லை. பேர் விட்டுப்போனது என்று தெரிந்ததும், வேறொரு மனு கொடுத்தால் சேர்த்துவிடலாம் என்று டீச்சர் சொல்லிப் பார்த்தார். சிட்டாள் தம்பிக்கு இரண்டு தடவை போன் அடித்தாள். இரண்டு தடவையும் அவர் போனைத் துண்டித்தார். 'கூட்டத்தில் இருக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்தி தானாக வந்து விழுந்தது. அதை அவளுக்குப் படிக்கத் தெரியாது. தம்பி கவனித்துக்கொண்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மார்ச் கடைசியில் சேவுகப்பெருமாளுக்கே ஒரு போன் வந்தது. பத்திரிகையின் இணையப் பிரிவுக்குப் புதிதாக வந்த தலைவர் சதீஷ்குமார் பேசினான். முப்பத்துநாலு வயது, சென்னைப் பையன்.

"சார், இருபது வருஷமா சிட்டாள்னு ஒருத்தவங்க பேசுறதப் போடுறீங்க. செம கேரக்டர் சார். இந்தச் சட்டசபை எலெக்ஷனுக்கு அவங்கள வீடியோல கொண்டுவரலாம். லைவ்." கொஞ்சம் நிறுத்திவிட்டுக் கேட்டான். "இருக்காங்கல்ல சார்? ஒரு யூடியூப்காரன், அப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு போட்டிருக்கான். அதான் கேட்டேன்."

சேவுகப்பெருமாளுக்கு வயது ஐம்பத்தெட்டு முடிகிறது. மே மாதத்தோடு வேலை முடிந்து, ஒப்பந்தத்தில் இரண்டு வருடம் நீட்டித்துத் தரலாமா என்று மேலே பேசிக்கொண்டிருந்தார்கள். சிட்டாள் வராவிட்டால் அந்த நீட்டிப்பு மட்டுமல்ல, இருபத்தேழு வருடப் பேரும் சேர்ந்து போய்விடும். "இல்லாமலா? அழகா பேசுவாங்க" என்றார். போனை வைத்தார். பிறகு தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். பேர் உண்மை, வயசு உண்மை, ஊர் உண்மை. பேச்சு மட்டும்தானே தன்னுடையது!

மதுரைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து காரில் காரைக்குடி. வழி நெடுக டிரைவருக்குக் கூட்டணிக் கணக்கு விளக்கினார். "இங்குட்டு என்ன பேசிக்கிறாங்க?" என்று டிரைவரிடம் கேட்கத் தோன்றவே இல்லை. டிரைவரும் சொல்லவில்லை.

விடுதியில் பெல்சி வந்து பார்த்தாள். காரைக்குடியில் அந்தப் பத்திரிகைக்குப் பதினைந்து வருடமாகச் செய்தி கொடுப்பவள். குன்றக்குடி மலையில் பங்குனி உத்திரம், கண்டரமாணிக்கத்தில் குடிதண்ணீர் மறியல், எதுவானாலும் ஸ்கூட்டியில் அவள்தான் போவாள். அவள் பேர் ஒருநாளும் பத்திரிகையில் வந்ததில்லை. 'நமது நிருபர்' என்றுதான் வரும். இந்தப் பேட்டியையும் அவள்தான் எடுக்கப்போகிறாள். சேவுகப்பெருமாள் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"லோக்கல் நியூஸ் வேற, அரசியல் வேறம்மா. கேள்வியெல்லாம் நான் எழுதித் தாரேன். அத மட்டும் கேளு."

"சரிங்க சார்" என்றாள் பெல்சி. சிட்டாள் தன் அக்கா என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை.

அன்றைக்கே, டெல்லியிலிருந்து கொண்டுவந்த ஒரு டப்பா இனிப்பையும் ஒரு சேலையையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். அரசாங்கம் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு. பக்கத்தில் தகரம் போட்ட ஆட்டுக்கொட்டகை. சிட்டாள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று வருடம் கழித்து வந்த தம்பியைப் பார்த்ததும் முந்தானையால் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

விஷயத்தைச் சொன்னபோது அவளுக்குப் பாதிதான் விளங்கியது. "எம்பேரு பேப்பர்ல வந்துச்சா? நான் என்ன சொன்னேனாம்?"

அவர் போனில் வைத்திருந்ததை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். மாற்றம், நிலையான ஆட்சி, எல்லைப் பாதுகாப்பு, கூட்டாட்சித் தத்துவம். சிட்டாள் புளியிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏப்பா, இம்புட்டுப் பேசியிருக்கேன். மழையில்லாமப் போனதப் பத்தி ஒரு வார்த்த சொல்லலையே?"

"அதெல்லாம் லோக்கல் பிரச்சினை அக்கா. இப்ப நான் சொல்றதக் கேளு. நாளைக்குப் பேட்டி எடுக்க வர்ற பொண்ணு, என்ன எதிர்பாக்குறீகன்னு உங்கிட்ட கேக்கும். நீ, 'எங்க ஓட்டு டெல்லிக்கு விடுற எச்சரிக்கை'ன்னு சொல்லணும்."

சிட்டாள் புளிக்கையைத் துடைத்துக்கொண்டாள். "அதில்லப்பா... ஓட்டு விசயமா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்தப் படிவம்..."

"அத நான் பாத்துக்கிறேன். நீ இத மட்டும் சொல்லு. எங்கே, சொல்லிப் பாப்போம்."

அவள் சொன்னாள். இரண்டாவது தடவை பிசிறில்லாமல் சொன்னாள். இருபத்திரண்டு வருடமாக அவள் வாயில் போட்ட வார்த்தைகளில் ஒன்றாவது நிஜமாகவே அவள் வாயிலிருந்து வந்ததில் சேவுகப்பெருமாளுக்கு ரொம்பத் திருப்தி. இனிப்பு டப்பாவைத் தானே திறந்து ஒன்றை வாயில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணி. பெல்சி கொட்டகைக்கு முன்னால் மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்தி அதில் போனைப் பொருத்தினாள். சிட்டாள் புதுச்சேலையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். சேவுகப்பெருமாள் படத்தில் விழாமல், போனுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நேரலை தொடங்கியது. ஆரம்பத்திலேயே நாலாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் எழுதிக்கொடுத்த முதல் கேள்வியைப் பெல்சி கேட்டாள். சிட்டாள் தம்பியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எங்க ஓட்டு டெல்லிக்கு விடுற எச்சரிக்கை" என்றாள். கச்சிதம். சேவுகப்பெருமாளுக்கு மூச்சு வந்தது.

அடுத்த கேள்வி காகிதத்தில் இருந்தது. பெல்சி காகிதத்தைப் பார்க்கவில்லை. யாரைப் பார்த்தாலும் அவள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பழக்கத்தில் அது வந்துவிட்டது.

"எந்தப் பள்ளிக்கூடத்துலம்மா ஒங்களுக்கு ஓட்டு? நடந்தே போயிருவீகளா?"

"இந்தத் தடவ எனக்கு ஓட்டு இல்லையே தாயி" என்றாள் சிட்டாள்.

ஆட்டுக்குட்டி ஒன்று கத்தியது. சேவுகப்பெருமாள் போனுக்குப் பின்னால் நின்று இரண்டு கையையும் ஆட்டினார், நிறுத்து நிறுத்து என்று. பெல்சி அவரைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். நிறுத்தவில்லை.

"ஏம்மா? படிவம் குடுக்கலையா?"

"அது இங்கதான் இருக்கு, இரு." சிட்டாள் உள்ளே போய் டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். மடிப்புக் கலையாத காகிதத்தோடு வந்து உட்கார்ந்தாள். அவள் போட்டோ ஒட்டியிருந்தது. மற்ற இடமெல்லாம் வெறுமையாக இருந்தது. "எந்தம்பி பாத்துச் சொல்றேன், யாருகிட்டயும் குடுக்காதன்னான். அதான் பத்திரமா வச்சிருக்கேன். இந்தா நிக்கிறான்ல, சேவுகப்பெருமாளு. டெல்லியில பேப்பர்ல இருக்கான்."

நேரலையில் எண்ணிக்கை சடசடவென்று ஏறியது. சேவுகப்பெருமாள் ஒரு எட்டு பின்னால் வைத்தார். இன்னொரு எட்டு. ஆட்டுக்கொட்டகையின் தகரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். எத்தனையோ அமைச்சரவையைப் பார்த்த மனிதர், புழுக்கை நடுவில் பளபளக்கும் ஷூவோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சிட்டாளுக்கு அப்போதுதான் தம்பிக்கு ஏதோ இசகுபிசகாகிவிட்டது என்று பட்டது. அவனைக் காப்பாற்றப் பார்த்தாள். "அவனக் குத்தஞ் சொல்லாதீக தாயி. நாட்டப் பாக்கவே அவனுக்கு நேரம் பத்தாது. நான்தான் போன் பண்ணித் தொந்தரவு பண்ணிட்டேன்." பிறகு காகிதத்தை மடியில் வைத்து நீவிவிட்டுக்கொண்டே சொன்னாள். "முன்னாடி நான் பேசுனதா நெறைய எழுதியிருக்கான். நேத்துத்தான் வாசிச்சுக் காமிச்சான். நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அதெல்லாம் நான் பேசல. இப்பப் பேசுறதுதான் நான் பேசுறது. ஓட்டு இல்லாதது மனசுக்குச் சங்கட்டமா இருக்கு. கல்யாணமாகி வந்ததுலருந்து ஒரு தடவகூட விட்டதில்ல. செத்தவுக பேரத்தான் எடுப்பாகன்னு நெனச்சிருந்தேன்."

பெல்சி நன்றி சொல்லி நேரலையை முடித்தாள். சென்னையிலிருந்து உடனே சதீஷ்குமாரின் அழைப்பு வந்தது. அவள் ஓரமாகப் போய்ப் பேசினாள். நாளைக்கு முதல் பக்கத்துக்கு வேண்டும், உங்கள் பேரிலேயே எழுதி அனுப்புங்கள், எதிர்த்தரப்பு விளக்கமும் கட்டாயம் இருக்கட்டும் என்று அவன் சொன்னது தகரத்துக்குப் பின்னால் வரைக்கும் கேட்டது.

பெல்சி நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் பின்பக்கம் வந்தாள். "சார், இதப்பத்தி நீங்க என்ன சொல்றீக?"

சேவுகப்பெருமாள் தொண்டையைச் செருமினார். பிறகு குரலை இறக்கிச் சொன்னார், "என் பேரப் போடாதம்மா."

"அதான் ஒங்க பேர அவுக சொல்லிட்டாகளே சார்."

"அப்படியே இருந்தாலும்... 'குடும்ப வட்டாரங்கள்'னு போட்டுக்கயேன். நாம ரெண்டு பேரும் ஒரே தொழில்ல இருக்கோம்."

பெல்சி நோட்டைத் தகரத்தில் வைத்து, சேவுகப்பெருமாள் என்று எழுதினாள். பக்கத்தில் ஓர் அடைப்புக்குறியைத் திறந்தாள். பேனாவை எடுக்காமலே நிமிர்ந்து பார்த்தாள்.

"வயசு எம்புட்டு சார்?"